படம் எப்போ வருது?

தொலைக்காட்சியில் ஒரு நடிகர் சோபாவில் வந்து உட்கார்ந்தால் என் அம்மா முதலில் கேட்பது ஒன்றுதான்: "இவருக்கு இன்னா படம் வருது?" தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இருபது வருடமாக இந்தக் கேள்வி மாறவில்லை. பதில் தெரிந்ததும் "அதான பாத்தேன்" என்று முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு கீரை ஆய ஆரம்பித்துவிடுவார். காது மட்டும் டிவியில் இருக்கும். படத்தைப் பற்றிப் பேசும் வரை கை நிற்காது. அந்த நடிகர் தன் அப்பாவைப் பற்றியோ, முதன்முதலாகச் சென்னையில் வந்து இறங்கிய நாளைப் பற்றியோ பேச ஆரம்பித்தால் கை நின்றுவிடும். நிமிர்ந்து பார்ப்பார்.

பிரபலங்களை உட்கார வைத்துப் பேசும் நிகழ்ச்சிகளில் சில ஏன் நாற்பது, ஐம்பது வருடம் நிற்கின்றன, சில ஏன் இரண்டு சீசனில் களைத்துப்போகின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

முதலில் இதன் வியாபாரக் கணக்கைப் பார்த்துவிடலாம். நெடுந்தொடர் எடுக்க வீடு, நடிகர் பட்டாளம், வசனம், மாதக்கணக்கில் படப்பிடிப்பு எல்லாம் வேண்டும். பாட்டுப் போட்டி என்றால் மேடையும் இசைக்குழுவும் நடுவர்களும் வேண்டும். பேட்டி நிகழ்ச்சிக்கு ஒரு அரங்கு, இரண்டு நாற்காலி, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் போதும். வருகிற விருந்தினர் ஊரறிந்த முகம். புதுப்படத்தை ஒட்டி வருகிறவர் பெரும்பாலும் அதற்கென்று பணம் கேட்பதில்லை. ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தை விளம்பரமாக வாங்கினால் தயாரிப்பாளருக்கு ஆகும் செலவு பெரிது. சேனலுக்குச் செலவில்லாமல் நட்சத்திரம் கிடைக்கிறார், படத்துக்குச் செலவில்லாமல் விளம்பரம் கிடைக்கிறது. அம்மாவின் கேள்வி இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் நேராகத் தொடுகிறது.

இது நாம் கண்டுபிடித்த முறை இல்லை. அமெரிக்காவில் 'டுநைட் ஷோ' 1954 செப்டம்பரில் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஜானி கார்சன் 1962 அக்டோபர் முதல் 1992 மே வரை, கிட்டத்தட்ட முப்பது வருடம் அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் விருந்தினருக்குத் தருவது தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகைதான். உலகம் முழுக்கத் தெரிந்த நடிகருக்கு அது ஒரு தொகையே இல்லை. அவர் வருவது படத்துக்காகவோ, புத்தகத்துக்காகவோ, இசைத்தட்டுக்காகவோதான்.

இன்னொரு விஷயமும் அங்கிருந்து வந்ததுதான். மேடையில் விருந்தினர் ஒரு வேடிக்கையான சம்பவத்தைச் சொல்வார், தொகுப்பாளர் அப்போதுதான் கேட்பதுபோலச் சிரிப்பார். உண்மையில் நிகழ்ச்சிக்கு முன்பே தயாரிப்புக் குழுவில் ஒருவர் அந்த விருந்தினரோடு பேசியிருப்பார். எந்தச் சம்பவத்தைச் சொல்லலாம், எந்தக் கேள்வி அதற்கு வழிவிடும் என்று குறிப்பு எடுத்துத் தொகுப்பாளரிடம் கொடுத்திருப்பார். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாண வீட்டில் நன்றாகப் பேசுகிற தாய்மாமனும் அதே கதையை நாலு வீட்டில் சொல்லிப் பழகியவர்தான். பழகிய கதை நன்றாகவே இருக்கும். ஆனால் அது முடிந்ததும் அடுத்து என்ன கேட்பது என்பதில்தான் ஒரு தொகுப்பாளருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

நம் பக்கம் தீபாவளி, பொங்கல் நாட்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காலையில் ஒரு சேனலில் பார்த்த நடிகை மதியம் வேறு சேனலில் அதே புடவையில் உட்கார்ந்திருப்பார். "இந்தப் பொண்ணு அப்பவே அங்க பேசிட்டிருந்துச்சே" என்பார் அம்மா. பேட்டிக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, ஒரே இடத்தில் உட்கார்ந்து, சேனல் மாற்றிச் சேனல் பேசுவதால் வருவது இது. ஆறாவது பேட்டியில் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லும்போது அந்த முகத்தில் தெரிகிற சோர்வை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். பாவமாக இருக்கும். அவர்களுக்கும் அது வேலை.

எப்போதும் இப்படி இல்லை. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோதும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க அடுத்த வீட்டுத் தரையில் இடம் பிடித்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு நட்சத்திரத்தின் சொந்தக் குரல் என்பதே அபூர்வம். திரையில் அவர் பேசுவது வசனம், பொதுக்கூட்டத்தில் பேசுவது மேடைப்பேச்சு. சும்மா நாற்காலியில் உட்கார்ந்து, தடுமாறி, யோசித்து, சாதாரணமாகப் பேசுகிற குரலைக் கேட்க வழியே கிடையாது. அதனால் எப்போதாவது ஒரு பேட்டி வந்தால் அதுவே ஒரு நிகழ்வு. கேள்வி சுமாராக இருந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. பின்னாலேயே மற்ற சேனல்களும் வந்தன. காலையில் 'வணக்கம் தமிழகம்' என்று விருந்தினரோடு பேசும் நிகழ்ச்சி வீட்டு வேலைகளுக்கு நடுவே ஓடும். விசு 'அரட்டை அரங்கம்' நடத்தினார். அதில் பேசியது நடிகர்கள் இல்லை, நம்மைப்போன்ற சனங்கள். அப்புறம் விஜய் டிவியில் 'காபி' வரிசை. 2004ல் இந்தியில் கரண் ஜோஹர் தொடங்கிய நிகழ்ச்சியின் சாயலில் தமிழில் சுசித்ரா, பிறகு அனு ஹாசன், பிறகு திவ்யதர்ஷினி என்று ஆள் மாறி ஆள் வந்து உட்கார்ந்தார்கள். மூவருமே நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். அனு ஹாசன் விருந்தினரை அவசரப்படுத்தமாட்டார் என்பதற்காகவே எங்கள் வீட்டில் அவரைப் பிடிக்கும். ஆனாலும் அந்த வரிசை விட்டுவிட்டுத்தான் ஓடியது, பிறகு நின்றது.

ஏன்? என் எண்ணத்தில் காரணம் எளிது. தமிழ் சினிமாவில் கூட்டத்தை டிவி முன்னால் உட்கார வைக்கக்கூடிய முகங்கள் எத்தனை? தாராளமாக எண்ணினாலும் முப்பதைத் தாண்டாது. வாரம் ஒருவர் என்றால் ஏழெட்டு மாதத்தில் தீர்ந்துவிடும். அதிலும் மேலே இருப்பவர்கள் வருவதே இல்லை. அஜித் பல வருடங்கள் பேட்டி கொடுக்காமலும் படவிழாக்களுக்கு வராமலும் இருந்தார். அதனால் அவர் படத்துக்கு வருகிற கூட்டம் குறைந்ததாக எங்கள் பக்கத்துத் தியேட்டர் வாசல் எதிலும் நான் பார்த்ததில்லை. விஜய் கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்து 2022 ஏப்ரலில் சன் டிவியில் பேசினார். 'பீஸ்ட்' வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டது அந்தப் படத்தின் இயக்குநர் நெல்சன். படத்தை எடுத்தவரே கேட்க, நடித்தவர் பதில் சொல்ல, படத்தைத் தயாரித்த நிறுவனத்தின் சேனலே ஒளிபரப்புகிறது. அன்று எங்கள் தெரு முழுக்க அந்தப் பேட்டிதான் ஓடியது, நானும் ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி அதில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே விஜய் டிவியில் 2006ல் தொடங்கிய 'நீயா நானா' இன்றும் ஓடுகிறது. கோபிநாத் அன்றிலிருந்து அதன் முகம். அது நட்சத்திரத்தை நம்பி இருக்கவில்லை. இந்தப் பக்கம் மாமியார்கள், அந்தப் பக்கம் மருமகள்கள், நடுவில் அவர். பிரபலங்கள் வந்தாலும் ஓரத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்கிறவர்கள்தான். மாமியாரும் மருமகளும் தீரப்போவதில்லை. விருந்தினர் தீராத இடத்தில் நிகழ்ச்சியும் தீராது.

சரி, அப்படியானால் பிரபலங்களை மட்டுமே அழைத்துப் பேசும் நிகழ்ச்சி நீடிக்கவே முடியாதா? முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பேர் நம் ஊரில் ரொம்பப் பேருக்குத் தெரியும், ஆனால் டிவிக்காக இல்லை.

வியாசர்பாடியில் ஒரு இரவுப் பாடசாலையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் முடிந்து அரை மணி நேரம் கதை வாசிப்போம். அவர்களுக்கு மிகவும் பிடித்தது 'டோட்டோ-சான்'. தெரு இசைக்காரர்களை ஜன்னலில் நின்று கூப்பிட்டதற்காக ஒன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருக்கும் ஒரு பள்ளியில் சேர்கிறாள். எங்கள் பிள்ளைகள் ரயில் சத்தத்தில் பிறந்தவர்கள். ஒரு பக்கம் ஜீவா ஸ்டேஷன், இன்னொரு பக்கம் பெரம்பூர், அதைத் தாண்டினால் 1955லிருந்து பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். புதுப்பெட்டி பெயின்ட் வாசனையோடு போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பள்ளி தங்கள் தெருவிலேயே இருப்பது போலத் தோன்றுகிறது.

அந்தச் சிறுமிதான் தெட்சுகோ குரோயநாகி. பிறந்தது 1933ல், டோக்கியோவில். ஜப்பானில் தொலைக்காட்சி தொடங்கிய 1953லேயே அதில் நடிக்க வந்தவர். 1976 பிப்ரவரி 2 அன்று 'தெட்சுகோவின் அறை' என்ற பேட்டி நிகழ்ச்சியைத் தொடங்கினார். வாரநாட்களில் தினமும், பகல் நேரத்தில். ஒரு நாளைக்கு ஒரு விருந்தினர். புத்தகம் வந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1981ல்தான். 2015 மே மாதம் அந்த நிகழ்ச்சி பத்தாயிரத்தைத் தொட்டது. பத்தாயிரம் பேட்டி, ஒரே தொகுப்பாளர். கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

அந்த அறையில் சோபா உண்டு, பூ உண்டு, வெங்காயம் போலத் தூக்கிக் கட்டிய அவருடைய கொண்டை உண்டு. நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்கள், எழுத்தாளர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள், லேடி காகாகூட. அவர்களும் படத்துக்காகவும் பாட்டுக்காகவும்தான் வருகிறார்கள், ஜப்பானில் மட்டும் வியாபாரம் வேறா என்ன? வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, அவர் வெட்டி ஒட்டுவதை ஏற்பதில்லை. பேசியது பேசியபடி போக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வெட்டுவார்கள் என்று தெரிந்தால் விருந்தினர் எதையும் பேசிவிட்டு "இதை எடுத்துடுங்க" என்று சொல்லலாம். தொகுப்பாளரும் பாதி கவனத்தோடு உட்காரலாம், சுவையான மூன்று நிமிடம் கிடைத்தால் போதும் என்று. வெட்டமாட்டார்கள் என்றால் இரண்டு பேரும் அந்த அரை மணி நேரம் அங்கேயே இருந்தாக வேண்டும். மௌனம் வந்தால் அந்த மௌனமும் போகும். மனிதர் பதில் தேடும்போது அவர் முகத்தில் நடப்பது, வாயிலிருந்து வருவதைவிடச் சில சமயம் பெரிது. வெட்டும்போது முதலில் போவது அதுதான்.

இரண்டாவது, திரும்ப வருவது. இளம்வயதில் வந்த நடிகை கல்யாணமாகி வருவார், பிள்ளை பெற்று வருவார், கணவரை இழந்து வருவார். அதே மாதிரி அறை, எதிரே அதே பெண்மணி. விருந்தினர் ஒருவர் இறந்துபோனால் அவர் முன்பு வந்து பேசியதையெல்லாம் சேர்த்து நினைவஞ்சலியாகப் போடுகிறார்கள். ஒரு நாட்டின் கலைஞர்கள் எல்லாரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வயதானதைப் பார்க்க முடிகிறது என்றால், அது இனி வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்க முடியாது. ஆகஸ்ட் மாதம் போர் முடிந்த நாளை ஒட்டி, விருந்தினர்களிடம் அவர்களுடைய போர்க்காலத்தைப் பற்றிக் கேட்பார். அவருடைய ரயில்பெட்டிப் பள்ளி 1945ல் குண்டுவீச்சில் எரிந்தது. அப்பா வயலின் கலைஞர், போர்க்கைதியாகச் சைபீரியாவில் இருந்துவிட்டு வந்தவர். அந்தக் கேள்விகளைக் கேட்க அவருக்குக் குறிப்புத்தாள் தேவைப்பட்டிருக்காது.

அவர் இப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டது எங்கே என்பதற்கு ஒரு விடை அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். புதுப்பள்ளியில் முதல் நாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி, அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறுமியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, உனக்கு என்ன தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல் என்கிறார். அவள் சொல்கிறாள். வந்த ரயில், வீட்டு நாய், போட்டிருக்கும் உடை, மூக்கு ஒழுகுவது எல்லாம். அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. நாலு மணி நேரம் கேட்கிறார். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு பெரியவர் தன் பேச்சை அவ்வளவு நேரம் கேட்டதில்லை என்று தெட்சுகோ எழுதுகிறார். இந்தப் பகுதியை வாசித்துவிட்டு நான் நிமிர்ந்தபோது ஒரு பையன் கேட்டான்: "நாலு மணி நேரமும் அந்த சார் செல்போன் பாக்கலியா மிஸ்?" செல்போன் இல்லாத காலம் என்று சொன்னேன். அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

ஜப்பானைத் தவிர வேறு இடமே இல்லையா என்றால் இருக்கிறது. அயர்லாந்தில் 1962ல் தொடங்கிய 'லேட் லேட் ஷோ' இன்னும் ஓடுகிறது. கே பைர்ன் 1999 வரை அதை நடத்தினார். ஆனால் வடசென்னைக்காரியாக எனக்கு நெருக்கமானவர் பிரிட்டனின் பேட்டித் தொகுப்பாளர் மைக்கேல் பார்கின்சன். காரணம் முகமது அலி.

எங்கள் ஏரியாவில் குத்துச்சண்டை என்பது பரம்பரை விஷயம். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1980ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டபோது எங்கள் பெரியப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். சாகும்வரை பெரியப்பா அந்த நாளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அலியின் கால் தரையில் பட்டதா இல்லையா என்பதே தெரியவில்லை என்பார்.

பார்கின்சன் அலியை நான்கு முறை பேட்டி எடுத்தார். முதல் முறை 1971ல். அழகான, துடுக்கான, வாய் ஓயாத அலி. 1974ல் பேச்சு சூடாகி, அலி கோபத்தில் பொரிந்து தள்ளுகிறார். மதம், நிறம், தன் மக்களின் நிலை எல்லாம் வெளியே வருகிறது. பார்கின்சன் அதை அடக்கவும் இல்லை, சிரித்து மழுப்பவும் இல்லை. 1981ல் வந்த அலி மெதுவாகப் பேசுகிறார். நாக்கு தடுமாறுகிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பார்க்கிற எல்லாருக்கும் தெரிகிறது. நாலு முறையும் தோற்றது நான்தான் என்று பார்கின்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருப் பையன்கள் அலியின் சண்டைகளை யூடியூபில் பார்க்கிறார்கள். நான் அவர்களிடம் இந்தப் பேட்டிகளையும் வரிசையாகப் பாருங்கள் என்று சொல்வேன். ஒரு மனிதரின் பத்து வருடம் அதில் இருக்கிறது.

இந்தியாவிலும் அப்படி ஒரு தருணம் உண்டு. சிமி கரேவால் நடத்திய பேட்டியில் ஜெயலலிதா ஒரு பழைய இந்திப் பாட்டைப் பாடினார். மேடையில், சட்டசபையில், வழக்குமன்றச் செய்திகளில் மட்டுமே பார்த்த ஒரு முகம், கொஞ்சம் கூச்சத்தோடு, மெல்லிய குரலில் பாடுகிறது. அவருடைய அரசியலை ஏற்காதவர்கள்கூட அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் கீரை அப்படியே கிடக்கும்.

இன்றைய நிலைமை வேறு. பேட்டி முழுதாகப் பார்க்கப்படுவது குறைந்து, துண்டு துண்டாகப் பரவுகிறது. கரண் ஜோஹரின் நிகழ்ச்சியில் சட்டுச் சட்டென்று பதில் சொல்ல வைக்கும் சுற்று ஒன்று உண்டு. பரிசுக்கூடையும் உண்டு. துண்டாக வெட்டுவதற்கே செய்தது போன்ற வடிவம் அது. 2019 ஜனவரியில் அந்த நிகழ்ச்சியில் ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் பேசியது பெண்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு எழ, கிரிக்கெட் வாரியம் இருவரையும் இடைநீக்கம் செய்து ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அழைத்தது. எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் அதன் பிறகு விருந்தினர்களும் அவர்களுடைய மேலாளர்களும் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. எதையும் சொல்லாதே. நன்றாகச் சிரி, படத்தின் பேரைச் சொல், எழுந்து வா.

ஆனால் அதே யூடியூபில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. சித்ரா லட்சுமணன் நடத்தும் 'சாய் வித் சித்ரா'வில் இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், குணச்சித்திர நடிகர்கள், தயாரிப்பாளர்கள் பாகம் பாகமாகப் பேசுகிறார்கள். பெரும்பாலானோருக்கு வரப்போகிற படம் எதுவும் இல்லை. விற்க ஒன்றும் இல்லாததால் அவசரமும் இல்லை. யார் யாரிடம் எப்படிச் சேர்ந்தார்கள், எந்தப் படத்தில் பணம் போனது, யார் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள் என்று போகிறது பேச்சு. எங்கள் வீட்டில் பகலில் அதுதான் ஓடுகிறது. அம்மா அங்கே "இன்னா படம் வருது" என்று கேட்பதே இல்லை என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களும் இப்போது அந்த நாற்காலிக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் எனக்கு வலிக்கின்றன.

செரியன் நகர் காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் பக்கம் திருவிழா. கேரம் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிற விளையாட்டு. அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் போன்றவர்களைப் பார்த்து வளர்ந்த கிளப்புகள் இது. இப்படி ஒருவர் ஜெயித்துவிட்டு வந்தால் மைக்கைப் பிடித்துக் கேட்பது என்ன? எவ்வளவு கஷ்டப்பட்டீங்க, வீடு எப்படி, அப்பா என்ன சம்பாதிக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று கேமரா காத்திருக்கும். கஷ்டம் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நடிகரிடம் அந்தக் காட்சியை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள், கிரிக்கெட் வீரரிடம் அந்தப் பந்தை எப்படி ஆடினீர்கள் என்று கேட்கிறார்கள். ஒரே கையில் போர்டை முடிப்பது எப்படி, எதிராளி ஆடும்போது எதைப் பார்ப்பீர்கள், பவுடர் கூடினால் ஸ்ட்ரைக்கர் எப்படி ஓடும் என்று எங்கள் பெண்ணிடம் யாராவது கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கானா பாடுகிறவர் வந்தாலும் இதே கதைதான். "ரெண்டு வரி பாடுங்க", அப்புறம் "அந்த பாஷையில ஏதாவது பேசுங்க". கானா பாலா சட்டம் படித்தவர். மரண வீட்டில் விடிய விடியப் பாடும்போது செத்துப்போனவரைப் பற்றி அந்த இடத்திலேயே எப்படி வரி கட்டுகிறார்கள், அழுகிற வீட்டில் எந்த நேரத்தில் சிரிக்க வைக்கலாம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? இதைக் கேட்க ஒரு மணி நேரம் போதாது. அந்தக் கேள்விகளைக் கேட்க முன்கூட்டியே அவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நடிகர் வருகிறார் என்றால் குழு நாலு நாள் தயாராகிறது. எங்கள் ஆள் வந்தால், ஏழை என்ற ஒரு குறிப்பு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

போன மாதம் இரவுப் பாடசாலையில் பிள்ளைகளை ஒரு பேட்டி எடுக்கச் சொன்னேன். கோபயாஷி அத்தியாயம் வாசித்த வாரம் அது. ஒரு விதி மட்டும் வைத்தேன்: அவர் பேசி முடித்தபிறகும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த கேள்வி. பக்கத்துத் தெருவில் கேரம் கிளப் நடத்துகிற மாஸ்டரைப் பிடித்தார்கள். பகலில் துறைமுகத்தில் வேலை, ராத்திரி கிளப். என் போனில் பதிவு செய்தோம். முதல் பத்து நிமிடம் அவர் வழக்கமானதைச் சொன்னார். ஒழுக்கம் வேணும், படிப்பு வேணும், தினமும் பழகணும். பிள்ளைகள் ஐந்து எண்ணினார்கள். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, இன்னும் கொஞ்சம் சொன்னார்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மாஸ்டர், ரெட் போட்டுட்டு ஃபாலோ அடிக்கறதுக்கு முன்னாடி ஏன் எப்பவும் கொஞ்ச நேரம் நிக்கறீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். தான் நிற்பதை ஒருத்தர் கவனித்திருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பவுடர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். தன் அண்ணன்தான் தனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் என்றார். அண்ணனுக்கு எப்போதும் இருமல். பின்னால் நின்று பார்ப்பார், முக்கியமான காய் என்றால் இருமலை அடக்கிக்கொள்வார், அடக்க முடியாமல் ஒருதரம் இருமிவிடுவார். அந்த இருமல் வந்தபிறகுதான் இவர் அடிப்பது பழக்கம். அண்ணன் போய் பதினோரு வருடம் ஆகிறது. "இப்பவும் அது வரட்டும்னு நிக்கிறேன்மா" என்றார்.

அந்தப் பெண் ஐந்து எண்ணினாள். பதிவில் அந்த இடத்தில் பக்கத்து போர்டில் காய் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு அவராகவே பேச ஆரம்பித்து, நாற்பது நிமிடம் பேசினார்.